மாடி அறை லேன் கேபிளில் நொடிக்கு 94 மெகாபிட்டுக்கு (Mbps) மேல் வரவில்லை

கேள்வி:
கீழே ஹாலில் ஃபைபர் மோடம். அங்கிருந்து மாடி அறைக்கு பைப் வழியாக 25 மீட்டர் கேட்6 கேபிள் இழுத்து, இரண்டு முனையிலும் ஆர்ஜே45 பிளக் அடித்தாயிற்று. இன்டர்நெட் பிளான் 300 எம்பிபிஎஸ். மோடம் பக்கத்தில் லேப்டாப்பைச் சொருகினால் 300 வருகிறது; மாடியில் 94தான். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறது. கேபிளையே மாற்றணுமா?

பதில் 1:
அவசரப்பட்டு மாற்றாதீங்க. 94 என்றாலே இரு முனைக் கருவிகளுக்கு இடையிலான இணைப்பு வேகம் (லிங்க்) 1000-லிருந்து 100-க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். 1000-க்கு எட்டும் வேணும், அதுவும் கேபிளுக்குள் ஒன்றோடொன்று முறுக்கியிருக்கும் ஜோடி பிரியாமல்.

டெஸ்டர் கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், ஜோடி பிரிந்ததைச் சொல்லாது. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. கொக்கி பின்பக்கம், பின்கள் உங்களைப் பார்த்து மேல் முனையில், கேபிள் கீழே இருக்கும்போது இடமிருந்து: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பலரும் வெள்ளை-பச்சைக்குப் பக்கத்திலேயே பச்சையை வைத்துவிடுவார்கள். இரண்டு முனையிலும் அதே தப்பு இருந்தால் எல்லா விளக்கும் எரியும். ஆனால் 3-ம் 6-ம் வேறு வேறு ஜோடிக்குப் போய்விடும், முறுக்கின் பலன் போச்சு.

பழைய பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாக அடிங்க. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீங்க. வெளி உறையும் பிளக்குக்குள் போய் அழுந்தி நிற்கணும். இல்லாவிட்டால் இழுக்கும் பாரமெல்லாம் கம்பி மேல் விழும்.

பதில் 2:
ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வளைத்தால் சீக்கிரம் முறியும், மின்தடையும் கூட. கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் கொடுப்பதாக இருந்தால் அதை நம்பவே கூடாது. அப்படி இருந்தால்தான் கேபிளை மாற்றணும்.

சுவரிலிருந்து வரும், கம்பிகள் மெல்லிய இழைகளாக இல்லாமல் ஒற்றைத் திடக் கம்பியாக உள்ள கேபிளில் நேரடியாக பிளக் அடிப்பதே நல்லதில்லை. சுவர்ப்பெட்டியில் கீஸ்டோன் ஜாக் (பிளக் சொருகும் சாக்கெட்) போட்டு, அங்கிருந்து ரெடிமேட் பேட்ச் கார்டு (இரு முனையிலும் பிளக் உள்ள சிறு கேபிள்) போடுங்க. ஆட்டி ஆட்டி முறிவது அந்தக் கார்டோடு நின்றுவிடும்.

பதில் 3:
கீழே சோதித்ததும் அதே போர்ட்டில்தானா? சில மோடங்களில் ஒரு போர்ட் மட்டும் 1000, மற்றவை 100. நடுவில் 100 வரை மட்டுமே போகும் பழைய 10/100 நெட்வொர்க் சுவிட்ச் இருந்தாலும் இதே 94தான்.

மாடியில் இரண்டாவது ரவுட்டர் வைப்பதாக இருந்தால் முதலில் அதன் ஐபி முகவரியை 192.168.1.2 போல மோடத்தின் வரிசையில் வேறு எண்ணாக மாற்றி, மற்ற கருவிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் டிஎச்சிபியை அதில் அணைத்து, பிறகு கேபிளை லேன் போர்ட்டில் சொருகுங்க. அந்தப் பைப்பில் கரண்ட் வயரும் போகிறதா? போனால் லேனுக்குத் தனி பைப் போடுங்க. அது வேகத்துக்காக மட்டுமல்ல, ஷாக் அடிக்காமல் இருக்கவும்தான்.