எஸ்எஸ்ஐடி-க்கு ‘அலைப்பெயர்’: மறுப்புகளுக்கு என் பதில்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நாம் தமிழாக்கும் கணினி அமைப்புகள் பக்கத்தில் வரும் எஸ்எஸ்ஐடி (SSID), அதாவது வைஃபை பட்டியலில் தெரியும் பெயர், அதற்கு ‘அலைப்பெயர்’ என்று வைக்கலாம் எனப் போன வாரம் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். அதற்கு வந்த மறுப்புகளைப் படித்த பிறகு, விளக்கமாக எழுதுவதுதான் முறை என்று தோன்றுகிறது. முதலில், இந்தச் சொல் எப்படிக் கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், இராஜபாளையத்தில் இருக்கிறார். வீட்டுக்குப் புதிதாக இணைய இணைப்பு வாங்கினார். ரவுட்டர் கூடத்தில், மேசைக்கணினி உள்ளறையில். கேபிள் இழுக்க வேண்டுமென்றால் சுவரில் துளை போட வேண்டும், சித்தி சம்மதிக்கவில்லை. கணினியோ பழையது, அதில் வைஃபை கிடையாது. கணினிக்கு வைஃபை வசதி தரும் ஒரு சிறு கருவியை, யுஎஸ்பி டாங்கிளை, கடையில் வாங்கிச் செருகிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

“ரவுட்டருக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும் சித்தப்பா, அதில் எஸ்எஸ்ஐடி என்று போட்டிருப்பதைப் படியுங்கள்” என்றேன்.

“ரெண்டு இருக்கேப்பா. ஒண்ணு 2.4ஜி, ஒண்ணு 5ஜி. நம்ம ஊருக்குத்தான் 5ஜி வந்துருச்சே, அதையே எடுத்துக்கிறேன்.”

கணினித் திரையின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. பக்கத்து வீடு, மாடி வீடு, எதிரே இருக்கும் மருந்துக் கடை எல்லாம் வரிசையாக வந்தன. இவருடைய 5ஜி மட்டும் வரவே இல்லை. டாங்கிளைக் கழற்றி மாட்டினோம், ரவுட்டரை அணைத்துப் போட்டோம், கணினியை மறுபடி இயக்கினோம். முக்கால் மணி நேரம் போன பிறகுதான் டாங்கிளின் அட்டைப் பெட்டியைப் படித்துக் காட்டச் சொன்னேன். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் மட்டும் வேலை செய்யும் வகை. ஸ்டிக்கரில் இருந்த ‘5ஜி’ 5 கிகாஹெர்ட்ஸைக் குறிக்கிறது. கைபேசியின் ஐந்தாம் தலைமுறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டியலில் முதலிலிருந்தே இருந்த இன்னொரு பெயரை எடுத்துக் கடவுச்சொல்லைப் போட்டதும் இணைப்பு வந்துவிட்டது.

அப்போது சித்தப்பா சொன்னார்: “அப்போ இந்தப் பெட்டிக்கு ரெண்டு பேரு. ரெண்டையும் சொல்லிக்கிட்டே இருக்கு. நம்ம டாங்கிளுக்கு அதுல ஒண்ணுதான் காதுல விழுது. அப்படித்தானே?”

அப்படியேதான். ரவுட்டர் உண்மையிலேயே தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. யாரும் கேட்காமலே, வழக்கமாக நொடிக்குச் சுமார் 10 முறை, ‘நான் இன்ன பெயர், இன்ன வேகம் தருவேன், இன்ன பாதுகாப்பு முறை’ என்று ஒரு சிறு செய்தியை அலையில் அனுப்புகிறது. இரண்டு அலைக்கற்றை இருந்தால் இரண்டிலும் அனுப்பும். கணினியில் நாம் பார்க்கும் பட்டியல், அப்படிக் காதில் விழுந்த பெயர்களின் பட்டியல்தான். அலையில் வரும் பெயர் அலைப்பெயர். சித்தப்பா வாயிலிருந்து ‘பேரு’ வந்தது, நான் சேர்த்தது ‘அலை’ மட்டும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

எஸ்எஸ்ஐடி-யின் ஆங்கில விரிவான ‘சர்வீஸ் செட் ஐடென்டிஃபயர்’ என்பதை அப்படியே ‘சேவைத் தொகுதி அடையாளங்காட்டி’ என்று போட்டால் பொருள் துல்லியமாக இருக்கும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, உங்கள் கலைச்சொல் பணியில் கற்றவன் நான். ஆனாலும் இதில் உடன்பட முடியவில்லை. நீளம்கூட இரண்டாம் பட்சம். ‘அடையாளங்காட்டி’ என்ற சொல்லே இங்கே தவறான உறுதியைத் தருகிறது என்பதுதான் என் கவலை. அடையாளம் என்றால் ஒருவருக்கு ஒன்று, இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது என்று படிப்பவர் நினைப்பார். எஸ்எஸ்ஐடி அப்படி இல்லை. எந்த ரவுட்டருக்கும் எந்தப் பெயரையும் வைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் நம் பெயரையே வைத்துக்கொண்டாலும் தடுக்க வழியில்லை. ரயில் நிலையத்தில், காபிக் கடையில், அங்குள்ள இலவச வைஃபையின் பெயரிலேயே வேறொருவன் ஒன்றைத் திறந்து வைத்து ஏமாற்றலாம். ‘அடையாளத்தைச் சரிபார்க்கவும்’ என்று நாம் மொழிபெயர்த்து வைத்தால், பெயர் பொருந்திவிட்டது, பயமில்லை என்று ஒருவர் உள்ளே போய்விடுவார். ‘பெயர்’ என்றால் அந்த ஏமாற்றம் இல்லை. ஒரு தெருவில் நான்கு முருகன்கள் இருப்பார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தை நினைத்துப் பாருங்கள். நடத்துநர்கள் ‘திருநெல்வேலி, திருநெல்வேலி’ என்று கூவிக்கொண்டே இருப்பார்கள். ஒரே ஊர்ப் பெயரை மூன்று வண்டிகளில் கூவுவார்கள். நாம் ஊர்ப் பெயரைக் கேட்டு ஏறுகிறோம், வண்டி எண்ணைப் பார்ப்பதில்லை. அலைப்பெயரும் அப்படித்தான். பெரிய வீட்டில் மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பெட்டி வைத்து இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்தால், கணினி எது வலுவாகக் கேட்கிறதோ அதில் ஏறிக்கொள்ளும். வண்டி எண் மாதிரி ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் உண்டு. அதுதான் உண்மையான அடையாளம். ‘அடையாளங்காட்டி’ என்ற சொல்லை அதற்காக விட்டுவைப்போம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரவுட்டரைத் திசைவி என்பதால் ‘திசைவிப் பெயர்’ என்று ஒரு நண்பர் தந்ததும் இதனால்தான் பொருந்தவில்லை. ஒரு திசைவிக்கு இரண்டு பெயர் இருக்கலாம், இரண்டு திசைவிக்கு ஒரே பெயர் இருக்கலாம். பழைய ரவுட்டரை மாற்றிவிட்டுப் புதியதற்கு அதே பெயர், அதே கடவுச்சொல், அதே பாதுகாப்பு முறை வைத்தால், வீட்டிலுள்ள கணினி, கைபேசி, தொலைக்காட்சி எல்லாம் தாமாகவே இணைந்துவிடும். பெட்டி மாறியது அவற்றுக்குத் தெரியாது. அவை நினைவில் வைத்திருப்பது பெயரைத்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய நண்பர், ‘வலையமைப்புப் பெயர்’ என்பதே போதும், புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தார். அவர் கேள்வி நியாயமானது. மூன்று நாள் அதையே யோசித்தேன். நெட்வொர்க் என்பதைத் தமிழ்நாட்டில் ‘பிணையம்’ என்று எழுதுகிறோம், இலங்கையில் ‘வலையமைப்பு’. அங்குள்ளவருக்குப் பிணையம் என்றால் நீதிமன்றமும் ஜாமீனும் நினைவுக்கு வரும் என்று அவரே சொல்லியிருக்கிறார். இங்கும் பலருக்கு அப்படித்தான். ஒரே மொழிபெயர்ப்புக் கோப்பு இரண்டு பக்கத்துக்கும் போகிறது. ‘அலைப்பெயர்’ என்றால் இந்தச் சிக்கலுக்குள்ளேயே போக வேண்டியதில்லை. அதோடு, மேசைக்கணினியில் கேபிள் வழி இணைப்பும் ஒரு வலையமைப்புதான். அதற்கும் அமைப்புகள் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கும். இரண்டும் ஒரே திரையில் வரும்போது எது எதற்கு என்று குழம்பாமல் இருக்க, கம்பியில்லாததற்குத் தனிச்சொல் வேண்டும்.

இலக்கணக் கேள்வியை எழுப்பியவருக்கு நன்றி. ‘அலைபேசி’யில் ஒற்று இல்லையே, இங்கே ஏன் ‘ப்’ என்று கேட்டிருந்தார். இங்கே ‘அலை’ பெயர்ச்சொல். ‘அலைக்கற்றை’ போல ஒற்று மிக வேண்டும். ஒற்றை விட்டு ‘அலைபெயர்’ என்று எழுதினால் ‘அலைகடல்’ போல வினைத்தொகையாகிவிடும், அலைகின்ற பெயர் என்று பொருள் வரும். அலைபேசி எழுதிப் பழகிய கை இதிலும் ஒற்றை விட்டுவிடும். எனவே கோப்பின் தொடக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டுவிடுகிறேன்.

அலைக்கற்றை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் பொறியியல் படித்தவர்கள் மட்டும் அறிந்த சொல் அது. 2ஜி செய்திகள் நாளிதழ்களில் வந்த காலத்தில் டீக்கடை வரை போய்ச் சேர்ந்துவிட்டது. ‘மக்களுக்குப் புரியாது’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் இந்தச் சொல்லைத்தான் நினைத்துக்கொள்வேன். தேவை வந்தால் நம் மக்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

‘முதலில் வைஃபைக்கு ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள், மற்றது அப்புறம்’ என்றும் ஒரு மடல் வந்தது. அதற்குக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. வைஃபை என்பது எதன் சுருக்கமும் அல்ல. 1999-இல் அந்தத் தொழில்நுட்பக் கூட்டமைப்புக்காக இண்டர்பிராண்ட் என்ற நிறுவனம் தந்த வணிகப் பெயர் அது. நம் இலக்கணத்தில் சொன்னால் இடுகுறிப்பெயர். ‘வயர்லெஸ் ஃபிடெலிட்டி’ என்ற விரிவு பிறகு ஒட்டவைத்தது, ஆகவே அந்த விரிவை மொழிபெயர்த்து வந்த சொற்களுக்கு அடிப்படை இல்லை. அருகு, அலை இரண்டையும் சேர்த்த ‘அருகலை’ எனக்குப் பிடித்த சொல். அதை எழுதுகிறவர்கள் எழுதட்டும். வைஃபை என்று எழுதுகிறவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. எஸ்எஸ்ஐடி-யின் நிலைமை வேறு. அதன் நான்கு எழுத்துக்குள் ஒரு பொருள் இருக்கிறது, அந்தப் பொருள் தெரியாததால் சித்தப்பாவுக்கு முக்கால் மணி நேரம் போனது. காரணப்பெயர் தேவைப்படுவது இங்கேதான்.

இன்னொரு முக்கியமான விஷயம், இதில் உடனே திருத்தம் வேண்டும். கோப்பில் ‘பெயர் 32 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும்’ என்று மொழிபெயர்த்திருக்கிறோம். மூலத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது சரி, தமிழுக்குத் தவறு. உண்மையான வரம்பு 32 பைட், அதாவது கணினி எழுத்தைச் சேமிக்க எடுக்கும் இடத்தின் அளவு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். ‘ல’ என்றால் 3. ‘லை’ என்றாலோ ‘ல்’ என்றாலோ எழுத்துக்கு 3, அதனோடு சேரும் குறிக்கு 3, ஆக 6.

இணைப்பு வந்த மகிழ்ச்சியில் சித்தப்பா தன் வீட்டுப் பெயரையே வைக்க ஆசைப்பட்டார்: ‘முல்லை இல்லம்’. நமக்கு அது 7 எழுத்து. கணக்குப் போட்டால் முல்லை 18, இடைவெளி 1, இல்லம் 18, மொத்தம் 37 பைட். ரவுட்டர் ஏற்கவில்லை. ‘32 எழுத்துக்குள்தானே இருக்கு?’ என்று அவர் கேட்டால் அதில் என்ன தப்பு? ‘முல்லை வீடு’ என்று மாற்றினோம். 18, 1, 12, ஆக 31. ஒரு பைட் மிச்சத்தில் பொருந்திவிட்டது. தமிழ் எழுத்தையே ஏற்காத ரவுட்டர்களும் உண்டு, அவருடையது ஏற்றுக்கொண்டது. இப்போது அவர் வீட்டுக்கு யார் வந்தாலும் பட்டியலில் தமிழில் ‘முல்லை வீடு’ என்று வருவதைக் காட்டாமல் விடுவதில்லை.

எனவே அந்த வரியை ‘அலைப்பெயர் 32 பைட்டுக்குள் இருக்க வேண்டும், தமிழில் ஏறத்தாழ 5 முதல் 7 எழுத்து’ என்று மாற்றப் பரிந்துரைக்கிறேன். மெய்யும் உயிர்மெய்யும் கலந்து வருவதால் சொல்லுக்குச் சொல் மாறும், அதனால்தான் ‘ஏறத்தாழ’.

கடவுச்சொல்லில் தமிழ் எழுத்தை வைக்கும் இந்த வசதியும் இல்லை. வீடுகளில் பரவலாக உள்ள டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில் அது 8 முதல் 63 வரையிலான ஆங்கில எழுத்து, எண், குறிகளில்தான் அமைய வேண்டும். இதைத் திரையிலேயே சொல்லிவிட்டால் நல்லது. அதே இடத்தில் ‘பிணையப் பாதுகாப்புச் சாவி’ என்று இருப்பதையும் வெறும் ‘கடவுச்சொல்’ ஆக்கிவிடலாம். ஸ்டிக்கரில் எந்தப் பெயரில் அச்சடித்திருந்தாலும் தட்டச்சு செய்கிறவருக்கு அது கடவுச்சொல்தான்.

வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன்:

“உங்கள் வீட்டின் அலைப்பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவும்.”
“இந்த அலைப்பெயரைக் கணினியின் நினைவிலிருந்து நீக்கு.”
“அலைப்பெயரை அறிவிக்காதே.”
“இதே அலைப்பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ரவுட்டர்கள் உள்ளன.”

இரண்டாவது வாக்கியத்தில் முன்பு ‘மறந்துவிடு’ என்று இருந்தது. நாம் மறக்க வேண்டுமா, கணினி மறக்க வேண்டுமா என்பது விளங்காததால் மாற்றினேன். மூன்றாவது, பெயரை ‘மறைக்கும்’ வசதிக்கு. மறைத்தால் பாதுகாப்பு கூடிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நடப்பதோ வேறு. ரவுட்டர் தன் பெயரைக் கூவுவதை நிறுத்துகிறது, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, வெளியே கொண்டுபோகும் கைபேசியும் மடிக்கணினியும் போகிற இடமெல்லாம் ‘முல்லை வீடு இருக்கிறதா?’ என்று கேட்டுக்கொண்டு திரியும். ‘அறிவிக்காதே’ என்றால் செய்வதை மட்டும் சொல்கிறோம்.

ஸ்டிக்கரில் ஆங்கில எழுத்துகள் இருப்பதால், அமைப்புகள் பக்கத்தில் சொல் முதலில் வரும் ஓரிடத்தில் மட்டும் அவற்றையும் பக்கத்தில் காட்டலாம். தொடர்ந்து வரும் இடங்களில் அலைப்பெயர் மட்டும் போதும்.

கோப்பை வரும் ஞாயிறு இரவு வரை பூட்டாமல் வைத்திருக்கிறேன். இந்தச் சொல் இடறுகிறது என்று தோன்றினால், இடறும் வாக்கியத்தையும் சேர்த்து அனுப்புங்கள். டாங்கிளுக்கு நல்ல சொல் வைத்திருப்பவர்களும் எழுதுங்கள். ‘அலைவாங்கி’ என்று ஒருவர் தந்தார், ஆனால் அது வாங்குவதோடு அனுப்பவும் செய்கிறதே என்ற இடத்தில் நிற்கிறேன்.

அன்புடன்.