அமால் கான்சென்ட்ரிக் கார்புரேட்டரின் சிறிய ஓ-ரிங்குகளை மாற்றுவது குறித்து

போனவில்69:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் வசிக்கும் என்னிடம் 1969ஆம் ஆண்டின் ட்ரையம்ஃப் போனவில் டி120 மோட்டார் சைக்கிள் ஒன்று உள்ளது. அதன் இரண்டு அமால் கான்சென்ட்ரிக் 930 கார்புரேட்டர்களையும் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பவை) சென்ற மாதம் கழற்றி, பெட்ரோல் வரும் நுண்துளைகளான ஜெட்களைச் சுத்தம் செய்து, மிதவை அறையின் கேஸ்கட்டை மட்டும் மாற்றிப் பூட்டினேன். முதல் இரண்டு நாள்கள் நன்றாக ஓடிய வண்டி, இப்போது பத்து மைல் ஓடிச் சூடேறியதும் ஐட்லிங்கில் நிலைகொள்ளாமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. ஒன்றரைச் சுற்றுத் திறந்து வைத்த வலப்பக்க ஏர் ஸ்க்ரூ (ஐட்லிங்குக்கான காற்றின் அளவைத் திருத்துவது), வீடு திரும்பிப் பார்க்கும்போது இரண்டு சுற்றுக்கு மேல் தானாகவே திறந்திருந்தது.

அதைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அதைச் சுற்றியுள்ள, உருண்டையாக இருக்க வேண்டிய ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தின் வெளிப்புறம் நாணயத்தின் விளிம்பைப் போலத் தட்டையாகிப் பளபளத்தது. நகத்தால் அழுத்தியதும் ஓரிடத்தில் விண்டுவிட்டது. குழாய் பழுதுபார்ப்பதற்காக வாங்கிய ரிங் பெட்டியில் ஏறக்குறைய இதே அளவு ஒன்று இருக்கிறது. அதைப் போடலாமா? கார்புரேட்டரை இன்ஜினோடு பூட்டும் தட்டையான முகமான ஃப்ளேஞ்சில் உள்ள பெரிய ரிங்கையும் மாற்ற வேண்டுமா?

பழையபட்டறை:

ஐயா, கோளாறு எங்கே என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். எங்கள் சென்னைப் பட்டறைக்கு வரும் புல்லட்டுகளின் மிக்கார்ப் கார்புரேட்டரில் இந்த ஸ்க்ரூக்களுக்கு ஸ்பிரிங் உண்டு. அதிர்வில் ஸ்க்ரூ சுழன்றுவிடாமல் அதுவே பிடித்துக்கொள்ளும். அமாலின் பழைய மாதிரியான மோனோபிளாக்கிலும் அப்படித்தான். 1967இல் வந்த கான்சென்ட்ரிக்கில் ஸ்பிரிங்கை நீக்கிவிட்டு, காற்றைத் தடுப்பது, ஸ்க்ரூவை அசையாமல் பிடிப்பது ஆகிய இரண்டு வேலைகளையும் இந்தச் சிறு ரிங்கிடமே ஒப்படைத்தார்கள். அது தேய்ந்தால் ஸ்க்ரூவும் சுழலும், ஸ்க்ரூவைச் சுற்றிக் காற்றும் உள்ளே போகும்; பைலட் கலவையில் (ஐட்லிங்கில் இன்ஜினுக்குப் போகும் கலவை) பெட்ரோல் குறைந்து, நீங்கள் எவ்வளவு ட்யூன் செய்தாலும் நிற்காது. ஜெட்டை மாற்றிப் பணத்தை வீணாக்கும் பலரை நான் பார்த்திருக்கிறேன். இந்த ரிங்கை முதலில் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஐட்லிங் வேகத்தை வைக்கும் ஸ்க்ரூவிலும் இதே போன்ற ரிங் இருக்கிறது. இரண்டு கார்புரேட்டர்களிலும் சேர்த்து நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். விண்டுபோன ரிங்கின் துணுக்கு துளைக்குள் தங்கியிருக்கக்கூடும். அதை இரும்புக் கம்பியால் குத்தி எடுக்காதீர்கள். கார்புரேட்டரின் உடல் துத்தநாகக் கலவையில் வார்த்தது, எளிதில் கீறல் விழும். பல்குச்சியே போதும். புது ரிங்கில் ஒரு துளி இன்ஜின் ஆயில் தடவி, ஸ்க்ரூவை அவசரப்படாமல் சுழற்றி இறக்குங்கள். துளையின் வாயில் பிசிறு இருந்தால் ரிங்கைச் சீவிவிடும். சரியாகப் பொருந்திய ரிங் என்றால் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பும்போது தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சீரான இறுக்கம் கையில் தெரியும். விரலாலேயே திருப்ப முடிந்தால் அந்த ரிங் மெலிதானது.

இ10வாசி:

குழாய்ப் பெட்டியில் உள்ள ரிங்கைத் தயவுசெய்து போடாதீர்கள். தண்ணீர்க் குழாய்க்கான ரிங்குகளில் பல ஈபிடிஎம் ரப்பரில் செய்யப்படுபவை. வெந்நீரை நன்றாகத் தாங்கும் அந்த ரப்பர், பெட்ரோல் பட்டால் உப்பிப் பெருத்து, பள்ளத்தில் அடங்காமல் பிதுங்கிவிடும். நைட்ரைல் ரப்பர் பெட்ரோலுக்கு உகந்ததுதான் என்றாலும், 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த இ10 ஆகிவிட்டதால், நான் எத்தனாலையும் தாங்கும் விட்டான் ரப்பர் ரிங்கையே தேர்ந்தெடுப்பேன். விலை சற்றுக் கூடுதல். ஆனால் வாங்கப்போவது கடுகளவு ரிங்குகள் சில மட்டுமே.

அளவெடுக்கும்போது பழைய ரிங்கை நம்ப வேண்டாம், அது ஏற்கெனவே நசுங்கியது. ஸ்க்ரூவின் பள்ளத்தை வெர்னியரால் அளந்து, உள்விட்டம் அதைவிடச் சிறிதே குறைவாகவும், தடிமன் பள்ளத்துக்கு மேல் சற்றே எழும்பி நிற்கும்படியும் உள்ள ரிங்கைத் தேடுங்கள். அமால் பாகங்களை இன்றும் சாலிஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனம் தயாரிக்கிறது. உங்கள் கார்புரேட்டரின் மாதிரி எண்ணுக்குரிய ரிங்கை வாங்கிவிட்டால் இந்த அளவெடுப்பே தேவையில்லை.

இன்னொன்று, கார்புரேட்டர் கிளீனரில் உடலை ஊறவைக்கும் முன் ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கேஸ்கட்டுக்கும் ரிங்குக்கும் சிலிக்கான் பசை தடவவே வேண்டாம்; பெட்ரோலில் அது இளகி, துணுக்கு துணுக்காகப் பிரிந்து பைலட் ஜெட்டை அடைத்துவிடும்.

பழையபட்டறை:

ஃப்ளேஞ்ச் ரிங்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுவிட்டேன். அதையும் கட்டாயம் மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன் ஃப்ளேஞ்சின் முகத்தில் ஓர் எஃகு அளவுகோலை நெட்டுக்குத்தாக வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டிப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகளில் எத்தனை பேர் அந்த இரண்டு நட்டுகளையும் பலங்கொண்ட மட்டும் முறுக்கினார்களோ, பெரும்பாலான ஃப்ளேஞ்சுகள் வில்லாக வளைந்திருக்கும். வளைந்தால் காற்று நுழையும் என்பதோடு, உள்துளையும் கோணலாகி, திராட்டிலோடு ஏறி இறங்கும் ஸ்லைடு சிக்கும். கண்ணாடிப் பலகையின் மேல் நுண்ணிய எமரித்தாளை விரித்து, எட்டு எழுதுவதுபோல் தேய்த்துச் சமன்படுத்தலாம். அளவோடு நிறுத்துங்கள், தேய்க்கத் தேய்க்க ரிங் அமரும் பள்ளம் ஆழம் குறைந்து, ரிங் அதிகமாக எழும்பி நின்று ஃப்ளேஞ்சை மறுபடியும் வளைக்கும். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையில் வரும் வெப்பத்தடைக் கட்டையின் இரு முகங்களும் சமமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பூட்டும்போது நட்டுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கி, ஸ்லைடு தடையின்றி விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.

காற்று கசிகிறதா என்று பார்க்க, ஐட்லிங்கில் ஓடும்போது இணைப்பின்மேல் தண்ணீரைப் பனிபோல் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கே கசிவு. சூடான சைலன்சருக்கு அருகில் கிளீனரைத் தெளித்து நெருப்பை வரவழைக்காதீர்கள்.

போனவில்69:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வலப்பக்க ஃப்ளேஞ்சில் அளவுகோலை வைத்ததும் நடுவில் நகம் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அதைச் சமன்படுத்தி, விட்டான் ரிங்குகள் ஆறையும் போட்டுப் பூட்டினேன். அப்போதுதான் இதுவரை கேபிளின் குறை என்று நான் நினைத்திருந்த திராட்டில் கனம் முற்றிலும் நீங்கியதை உணர்ந்தேன். ஏர் ஸ்க்ரூக்களின் தலையில் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டு நாற்பது மைல் ஓட்டிவிட்டு வந்தேன். இரண்டு கோடுகளும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. இடப்பக்க ஸ்லைடு மட்டும் ஐட்லிங்கில் கடகடக்கிறது. துளையும் ஸ்லைடும் தேய்ந்திருப்பது அளந்ததில் தெரிந்ததால், அதைக் குளிர்காலத்தில் வண்டியை நிறுத்திய பிறகு எடுத்துக்கொள்கிறேன்.