சுற்றுலாப் பயணிகளுக்குச் சிறிய மின்கார் வாடகை: "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்று கேட்டால் என்ன சொல்கிறீர்கள்?

மலைச்சரிவில் வாடகைக்கு விடுபவர்:

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இருவர் அமரக்கூடிய சிறிய மின்கார்களைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் தொழிலில் இருக்கிறேன். வண்டியைக் கையில் வாங்கும்போது பெரும்பாலான பயணிகள் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒரே ஓர் எண்ணைச் சொல்லி அனுப்புவதை நான் விட்டுவிட்டேன். அதற்கான காரணத்தையும், அதற்குப் பதிலாக நான் செய்வதையும், அதனால் பயணிகளிடம் கண்ட மாற்றத்தையும் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2020-ல் அறிமுகமான சிட்ரோயன் அமி. அதன் பேட்டரி 5.5 கிலோவாட் மணி கொள்ளளவு உடையது. உச்ச வேகம் மணிக்கு 45 கி.மீ.; ஒரு முழு சார்ஜில் 75 கி.மீ. ஓடும் என்பது நிறுவனம் அறிவித்துள்ள கணக்கு. சமதரையில் அந்தக் கணக்கை ஓரளவு நம்பலாம், ஆனால் மலைப்பாதையில் தூரத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. வண்டியின் எடை ஏறத்தாழ 485 கிலோ. இரண்டு பேரைச் சேர்த்தால் 635 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எடையை 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டும் ஏறத்தாழ 0.87 கிலோவாட் மணி தேவைப்படுகிறது. மோட்டாரிலும் மற்றப் பாகங்களிலும் வீணாவதைச் சேர்த்தால் அது ஒரு கிலோவாட் மணியைத் தாண்டிவிடும். அதாவது, சாலையின் நீளத்துக்கு ஆகும் செலவு போக, 500 மீட்டர் ஏற்றம் மட்டுமே பேட்டரியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

ஓய்வு பெற்ற ஒரு தம்பதியர் வந்திருந்தார்கள். 22 கி.மீ. தொலைவில், இங்கிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு காட்சிமுனைக்குப் போய்வர விரும்பினார்கள். போக 22, வர 22, ஆக 44 கி.மீ.; வண்டியோ 75 கி.மீ. ஓடும், எனவே கவலைக்கே இடமில்லை என்பது அந்த ஐயாவின் கணக்கு. கணக்கின் முடிவு சரிதான், அவர்களால் போய்வர முடியும். ஆனால் மேலே போய்ச் சேரும்போது திரையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான சார்ஜ்தான் மீதமிருக்கும். பாதி வழியில் பாதிக்கும் மேல் செலவாகிவிட்டதைப் பார்க்கும் எவருக்கும் அச்சம் வரத்தான் செய்யும். இதே பாதையில் நடுவழியிலேயே பயந்து திரும்பியவர்களும், காட்சிமுனையில் நின்றுகொண்டு மலையைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அதனால் அந்தத் தம்பதியரிடம், "மேலே சேரும்போது 35 விழுக்காடு இருக்கும், அதுதான் இயல்பு, இறங்கும்போது செலவு மிகக் குறைவு, மோட்டாரே மின்னாக்கியாக வேலை செய்து கொஞ்சம் திருப்பியும் தரும்" என்று சொல்லி, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். மாலையில் அவர்கள் திரும்பி வந்தபோது அந்த அம்மா முதலில் சொன்னதே, "நீங்கள் எழுதிக் கொடுத்த எண்ணுக்கு மேல் 2 விழுக்காடு கூடுதலாகவே இருந்தது" என்பதுதான். நடுவில் ஒரு முறைகூட என்னைத் தொலைபேசியில் அழைக்கவில்லை.

இதைவிட ஆபத்தானது இதற்கு நேர்மாறான பயணம். எங்கள் ஊரிலிருந்து கீழ்நோக்கி 15 கி.மீ. போனால் ஓர் அருவி இருக்கிறது. இடையே இறக்கம் 700 மீட்டர். போகும்போது சார்ஜ் குறைவதே தெரியாது. அருவிக்கரையில் திரையைப் பார்ப்பவர், பேட்டரி ஏறக்குறைய நிறைந்திருக்கிறதே என்று மகிழ்ந்து, இன்னும் கீழே உள்ள ஊரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டுவிடுவார். ஆனால் அருவியிலிருந்து இங்கே ஏறி வருவதற்கு மட்டும் என் கணக்கில் 46 விழுக்காடு தேவை. ஆகவே கீழ்நோக்கிப் போகிறவர்களிடம், "எங்கே இருந்தாலும் சரி, அருவிக்கு மீண்டும் வந்து சேரும்போது 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்" என்று சொல்கிறேன். பயணிக்கு வேண்டியது வண்டி மொத்தம் எவ்வளவு ஓடும் என்ற எண் அல்ல. எந்த இடத்தில் எவ்வளவு சார்ஜ் இருந்தால் கவலையில்லை, எந்த இடத்தில் எவ்வளவுக்குக் குறைந்தால் திரும்பிவிட வேண்டும் என்ற எண்தான். அதைக் கணக்கிட்டுத் தரவேண்டிய பொறுப்பு வாடகைக்கு விடும் நம்முடையது, அன்று காலையில்தான் அந்த வண்டியை முதன்முதலாகத் தொட்ட பயணியுடையது அல்ல என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீழ்நோக்கிப் புறப்படும் வண்டியை நான் 100 விழுக்காடு நிரப்பி அனுப்புவதில்லை. முழுதும் நிறைந்த பேட்டரியால் இறக்கத்தில் திரும்பி வரும் மின்சாரத்தை ஏற்றுக்கொள்ள முடியாது. முடுக்கியிலிருந்து காலைத் தூக்கியதும் வண்டி தானாக மெல்ல இழுத்துப் பிடிக்கும் உணர்வு முதல் சில வளைவுகளில் இல்லாமல் போய்விடும். புதியவருக்கு அது தடுமாற்றத்தைத் தரும். 90 விழுக்காட்டில் நிறுத்திக்கொண்டால் முதல் கொண்டை ஊசி வளைவிலிருந்தே வண்டி ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

மற்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாடகைக்கு எடுத்துப் பழகிய பயணி:

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் வாடகைக்கு எடுக்கும் பக்கத்தில் இருப்பவள். வயதான என் தாயாருடன் பயணம் செய்யும்போது, பெரிய கார் நுழைய முடியாத பழைய தெருக்களைப் பார்ப்பதற்காக ரெனோ ட்விஸி எடுத்தேன். 2012-ல் வந்த வண்டி அது, 6.1 கிலோவாட் மணி பேட்டரி. இருக்கைகள் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும். அருகருகே அமர்ந்து பேசிக்கொண்டு போகலாம் என்று நினைத்த எங்களுக்கு, அம்மா என் முதுகுக்குப் பின்னால் கால்களை இருபுறமும் நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பது வண்டியின் முன் நின்றபோதுதான் தெரிந்தது. குளிர்சாதனம் கிடையாது, கண்ணாடி சன்னலும் அந்த வண்டியில் இல்லை. இவற்றில் எதுவும் குறையல்ல, வண்டியின் இயல்புதான். ஆனால் முன்பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தால் அம்மாவின் முழங்காலை மனத்தில் வைத்து வேறு வண்டியைக் கேட்டிருப்பேன்.

அதைவிட மனத்தை வருத்தியது சார்ஜ் விஷயம். பாதிக்குச் சற்று மேல் இருந்த வண்டியைக் கொடுத்து, "தாராளமாகப் போதும்" என்று மட்டும் சொன்னார்கள். எதற்குப் போதும், எங்கே போவதற்குப் போதும் என்று அவர்கள் கேட்கவே இல்லை. நாங்கள் போக நினைத்த இரண்டு இடங்களில் ஒன்றை விட்டுவிட்டு, மதியமே வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அடுத்த பயணத்தில் வேறோர் இடத்தில் வண்டி கொடுத்த பெண்மணி, "இன்று எங்கெல்லாம் போக விரும்புகிறீர்கள், அம்மா?" என்று கேட்பதிலிருந்துதான் தொடங்கினார். நான் சொன்ன இடங்களை வரிசை மாற்றி, தூரமான இடத்தை முதலில் வைத்து, மதிய ஓய்வுக்கு நிறுத்தும் இடத்தில் எந்தச் சாக்கெட்டில் கேபிளைச் செருகலாம் என்பதையும் காட்டினார். பயணியின் நாளைப் பற்றிக் கேட்காமல் வண்டியைப் பற்றி மட்டும் பேசுபவரிடம் நான் இனி எடுப்பதில்லை.

மின்வண்டிகளைப் பழுது பார்ப்பவர்:

இருவருடைய பதிவுகளையும் படித்தேன். இடத்துக்கு இடம் விழுக்காட்டைச் சொல்லி அனுப்புவது நல்ல முறை. ஆனால் திரையில் தெரியும் விழுக்காடு நம்பத்தக்கதாக இருந்தால்தான் அது பயன்படும். இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரிகளில், நடுப்பகுதி முழுவதும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். மின்னழுத்தத்தை வைத்து மீதியைக் கண்டுபிடிக்க முடியாததால், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தே திரை காட்டுகிறது. நாளாக ஆக அந்தக் கணக்கு விலகிப் போகும். அவ்வப்போது 100 விழுக்காடு வரை சார்ஜ் செய்து சிறிது நேரம் அப்படியே விட்டால்தான் கணக்கு மீண்டும் சரியாகும். சீசன் நேரத்தில் ஒரு பயணி இறங்கியதும் அடுத்தவர் ஏறிக்கொள்கிறார், வண்டிக்கு முழுச் சார்ஜே கிடைப்பதில்லை. 20 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றுவிட்டதாக என்னிடம் வந்த பயணிகளின் புகார்களில் பல இப்படிப்பட்டவை. ஆகவே, மலையிலிருந்து எழுதும் நண்பரே, 90-ல் நிறுத்துவது பகல் பயணத்துக்கு நல்லதுதான். உங்கள் பேட்டரி இந்த வகையைச் சேர்ந்ததாக இருந்தால், வாடகை இல்லாத ஓர் இரவில் முழுவதும் நிரப்புவதையும் வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சீசன் முடிந்து வண்டிகளை நிறுத்தி வைக்கும்போது பேட்டரியை முழுவதும் நிரப்பியோ காலியாகவோ வைக்கக் கூடாது. பாதியளவில் வைப்பது நல்லது. கூடவே 12 வோல்ட் சிறிய பேட்டரியை மறந்துவிடுகிறார்கள். பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் இந்தச் சிறியது இறந்துவிட்டால் வண்டி உயிர் பெறாது. நீண்ட ஓய்வுக்குப் பிறகு வண்டியை முதன்முதலாக எடுக்க வரும் பயணியின் முன்னால் அது கிளம்பாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் அதன் பிறகு அந்த வண்டியை நம்பி மலையேற மாட்டார்.

சாக்கெட் பற்றியும் ஒரு வேண்டுகோள். தங்குமிடத்தில் பயணிகள் கையில் கிடைத்த எக்ஸ்டென்ஷன் வயரில் கேபிளைச் செருகிவிடுகிறார்கள். இந்த வண்டிகள் 3 அல்லது 4 மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் இழுப்பவை. சுருளாகச் சுற்றியபடியே இருக்கும் வயரில் வெப்பம் வெளியேற வழியில்லை. உறை உருகிய வயர்கள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. நேராகச் சுவரில், நில இணைப்பு உள்ள சாக்கெட்டில் மட்டுமே செருக வேண்டும் என்பதைச் சாவி கொடுக்கும்போதே சொல்லுங்கள். டயர் காற்றையும் வாரந்தோறும் பாருங்கள். காற்றுக் குறைந்தால் உங்கள் விழுக்காட்டுக் கணக்கு எல்லாம் தவறிவிடும்.

கடற்கரையில் வாடகைக்கு விடுபவர்:

எங்கள் பகுதி முழுவதும் சமதரை. ஆகவே ஏற்றத்தின் இடத்தில் எங்களுக்குக் காற்று வந்து நிற்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் போகும் வண்டிக்கு எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், அந்த எதிர்ப்பு இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. பிற்பகலில் கடற்காற்று எழும் நாட்களில், திரும்பி வரும் வழி காற்றுக்கு எதிராக இருந்தால் அதைப் பயணிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதலில் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றோடு வருமாறு பாதையை அமைத்துத் தருவதும் உண்டு.

என் கவலை வேறொன்றிலும் இருக்கிறது. பார்வைக்குக் காராக இருந்தாலும் ஐரோப்பிய விதிகளின்படி இவற்றில் பல எல்6இ, எல்7இ எனப்படும் இலகு வகையைச் சேர்ந்தவை. காருக்குரிய மோதல் பாதுகாப்பு விதிகள் இவற்றுக்கு இல்லை. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு 2014-லும் 2016-லும் இத்தகைய வண்டிகள் சிலவற்றை மோதல் சோதனைக்கு உட்படுத்தி, அவற்றில் கடுமையான குறைகள் இருப்பதாக அறிவித்தது. இதை மறைத்து வாடகைக்கு விடுவது எனக்கு உடன்பாடில்லை. ஓர் இளம் தம்பதியர், நெடுஞ்சாலை வழியாக அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது, லாரிகளுக்கு நடுவே 45 கி.மீ. வேகத்தில் போக வேண்டிய வண்டி இது என்பதை விளக்கி, கொடுக்க மறுத்தேன். அவர்கள் முதலில் வருந்தினாலும், பின்னர் உள்ளூர்ச் சாலைகளுக்காக அதே வண்டியை எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியாகத் திரும்பினார்கள். கடற்கரைச் சாலையில் நடப்பவர்களுக்கு இந்த வண்டி வரும் ஓசை கேட்பதில்லை என்பதையும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய மின்கார்கள் மெதுவாகச் செல்லும்போது செயற்கை ஒலி எழுப்ப வேண்டும் என்பது கட்டாயம். ஆனால் இந்த இலகு வகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வெளிநாட்டவர் என்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோடு சொந்த நாட்டின் அசல் உரிமத்தையும் பார்க்க வேண்டும். அந்த அனுமதி தனியாகச் செல்லாது. சில நாடுகள் சாலைப் போக்குவரத்துக்கான 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்பட்டதை ஏற்கின்றன, சில 1968 வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்பட்டதை ஏற்கின்றன. எது உங்கள் நாட்டில் செல்லும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலைச்சரிவில் வாடகைக்கு விடுபவர்:

பழுது பார்க்கும் நண்பர் சொன்ன முழுச் சார்ஜ் வழக்கத்தை மேற்கொள்கிறேன். பயணியாக எழுதிய சகோதரி கூறியது போல, வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அன்றைய பயணத்தைப் பற்றிக் கேட்பதுதான் சரியான வரிசை. 1974-ல் ஆம்ஸ்டர்டாமில் லூட் ஸ்கிமெல்பென்னிங்க் தொடங்கிய விட்கார் என்னும், சிறிய மின்கார்களைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் திட்டத்தில், வண்டியை எடுக்கும் இடமும் விடும் இடமும் சார்ஜ் ஏறும் இடங்களாகவே அமைந்திருந்தன. 1986-ல் அது நின்றுபோனாலும், சார்ஜைப் பற்றிய கவலையை ஓட்டுபவரிடம் விடாமல் ஏற்பாட்டுக்குள்ளேயே வைத்த அந்த அமைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இறுதியாக, சிலர் தனிச்செய்தியில் கேட்டிருந்ததற்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வண்டியை முழுச் சார்ஜோடு திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையை நான் வைப்பதில்லை. பெட்ரோல் நிரப்புவது போல அது சில நிமிடங்களில் முடியும் வேலையல்ல. அந்த நிபந்தனை இருந்தால் பயணி தன் மாலைப் பொழுதின் 3 மணி நேரத்தை ஒரு சாக்கெட்டின் அருகில் கழிக்க நேரும். எவ்வளவு மீதமிருந்தாலும் அப்படியே கொண்டுவந்து விடச் சொல்கிறேன், இரவில் நானே நிரப்பிக்கொள்கிறேன்.