ஆர்-407சி ஏசி கேஸின் அழுத்த-வெப்பநிலை அட்டவணையில் ஒரே அழுத்தத்துக்கு இரண்டு வெப்பநிலைகள்: எதைக் கொள்வது?

கேள்வி:
வணக்கம். துணிக்கடை ஒன்றில் டக்டபிள் ஏசி போதிய குளிர் தரவில்லை என்று அழைத்திருந்தார்கள். ஆர்-407சி கேஸ், எக்ஸ்பான்ஷன் வால்வு உள்ள யூனிட். சக்‌ஷன் கேஜ் (கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாயின் அழுத்தம்) 65 பிஎஸ்ஐ காட்டுகிறது. வால்வின் பல்ப் (வெப்பநிலை உணரி) கட்டியுள்ள இடத்தில் குழாயின் வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸ். அட்டவணையில் 65-க்கு நேராகத் திரவப் பத்தியில் ஏறத்தாழ −1 என்றும் ஆவிப் பத்தியில் 5 என்றும் இருக்கிறது. முன்னதைக் கொண்டால் சூப்பர்ஹீட் (ஆவியான பிறகு கேஸ் மேலும் ஏறும் சூடு) 13 டிகிரி வருவதால் கேஸ் குறைவு என்று தோன்றுகிறது. பின்னதைக் கொண்டால் 7 டிகிரிதான். கேஸ் ஏற்றலாமா?

பதில் 1:
ஏற்ற வேண்டாம், தம்பி. ஆர்-22 கேஸ் தனிச் சேர்மம் என்பதால் ஓர் அழுத்தத்துக்கு ஒரே கொதிநிலைதான். ஆர்-407சி என்பதோ ஆர்-32, ஆர்-125, ஆர்-134ஏ ஆகிய மூன்றும் எடையளவில் 23, 25, 52 விழுக்காடாகச் சேர்ந்த கலவை; அது கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கும் கடைசித் துளி ஆவியாகும் வெப்பநிலைக்கும் இடையே ஏறத்தாழ 6 டிகிரி வேறுபாடு உண்டு. முழுவதும் ஆவியான பிறகு ஏறும் சூட்டைத்தான் சூப்பர்ஹீட் என்கிறோம் என்பதால், அதற்கு ஆவிப் பத்தியையே பார்க்க வேண்டும். உங்கள் 7 டிகிரி சரியான அளவு. சப்கூலிங்குக்கு, அதாவது திரவமான பிறகு கேஸ் மேலும் குளிரும் அளவுக்கு, திரவப் பத்தி. அதையும் அளந்து எழுதுங்கள். இந்தப் பத்தி மாற்றத்தால் தேவையின்றிக் கேஸ் ஏற்றப்பட்ட யூனிட்டுகளைப் பார்த்திருக்கிறேன், மனம் வருந்தும்.

பதில் 2:
கேஜின் உள்வட்டத்தில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலை அளவுகோல் எந்தக் கேஸுக்கு உரியது என்றும் பாருங்கள். ஆர்-22 வட்டத்தில் 65-க்கு நேராக ஏறத்தாழ 3 டிகிரி இருக்கும், அது உங்களுக்குப் பொருந்தாது. சில அட்டவணைகள் தனி அழுத்தத்தில் (காற்று மண்டல அழுத்தத்தையும் சேர்த்த அப்சல்யூட் அளவில்) தரப்பட்டிருக்கும். அவற்றைப் பயன்படுத்தினால் கேஜ் அளவுடன் 14.7 கூட்டிக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. லிக்விட் லைனில் (கண்டன்சரிலிருந்து வரும் திரவக் குழாயில்) அழுத்தம் 270, குழாய் 40 டிகிரி. திரவப் பத்தியில் 270-க்கு ஏறத்தாழ 45 என்பதால் சப்கூலிங் 5 டிகிரி.

பதில் 1:
அப்படியானால் கேஸ் அளவில் குறையில்லை. ஃபில்டரையும் புளோயர் பெல்ட்டையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
பெல்ட் தளர்ந்து, புல்லியின் பள்ளத்தில் கருந்தூள் படிந்திருந்தது. புதிய பெல்ட் மாட்டியதும் கிரில்லில் காற்று நன்றாக வருகிறது. சக்‌ஷன் 70-க்கு ஏறியிருக்கிறது. சிலிண்டரைத் திறக்கவே இல்லை.