இண்டி கேம்களில் எது உண்மையிலேயே நல்லது? பிடிக்காததையும் சேர்த்துச் சொல்லுங்கள்

கேள்வி

வணக்கம். இதுவரை பெரிய கம்பெனிகளின் ஓபன் வேர்ல்ட் கேம்களாகவே ஆடி வந்தேன். மேப் முழுக்க ஐகான், ஒன்றை முடித்தால் இன்னும் பத்து முளைக்கும். அலுத்துவிட்டது. இண்டி பக்கம், அதாவது சிறிய குழுக்கள் சொந்தமாகச் செய்யும் கேம்கள் பக்கம், வரலாம் என்று தேடினால் எந்தப் பட்டியலிலும் அதே ஏழெட்டுப் பெயர்கள், எல்லாவற்றுக்கும் "மாஸ்டர்பீஸ்" என்று ஒரே முத்திரை. ஹாலோ நைட் ஆரம்பித்துப் பாதியில் வைத்திருக்கிறேன். பார்க்க அழகு. ஆனால் எங்கே போவது என்று தெரியவில்லை, செத்தால் எங்கேயோ தூரத்தில் கொண்டுபோய் விடுகிறது.

இரவில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அந்த ஒரு மணி நேரத்துக்கு எது தகும்? ஆடி முடித்தவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள். கதையின் முடிவை மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

பதில் 1

கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு நிறையப் பேச இருக்கிறது.

ஒரு கேம் எப்படி என்று முடிவு செய்ய நான் பார்ப்பது ஒரே ஒரு இடம்தான்: தோற்ற அடுத்த நொடி. ஏன் தோற்றேன் என்று எனக்குப் புரிகிறதா? மறுபடி முயல எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது? படம், இசை, கதை எல்லாம் எனக்கு அப்புறம்தான். உங்களுக்கு இருப்பதோ ஒரு மணி நேரம், அதனால் இந்தக் கணக்கு உங்களுக்கும் ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

கப்ஹெட் 2017-இல் வந்தது. 1930-களின் கார்ட்டூன் மாதிரி எல்லாவற்றையும் கையால் வரைந்திருக்கிறார்கள் என்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, செத்ததும் வருகிற ஒரு சின்ன அட்டை. அதில் ஒரு கோடு. பாஸ் (பெரிய எதிரி) சண்டையில் எதுவரை வந்தீர்களோ அந்த இடம் வரை உங்கள் உருவம் கோட்டின் மேல் ஓடிப்போய் நிற்கும். சண்டை எந்தெந்த இடத்தில் அடுத்த கட்டத்துக்கு மாறுகிறது என்பதற்கும் குறி உண்டு. சண்டை நடக்கும்போது பாஸுக்கு இன்னும் எவ்வளவு உயிர் பாக்கி என்று காட்டவே மாட்டார்கள். தோற்ற பிறகுதான் காட்டுவார்கள். முடிவுக்கு ஒரு விரற்கடைதான் பாக்கி என்று கண்ணால் பார்த்த பிறகு, அன்றைக்கு எழுந்து போக மனம் வராது. பிடிக்காதது ஒன்றும் உண்டு. சிம்பிள் என்ற சுலபமான முறையில் பாஸை வென்றால் அவரிடம் வாங்க வேண்டிய ஆன்ம ஒப்பந்தம் கைக்கு வராது, அது இல்லாமல் கடைசிச் சண்டைக்குப் போக முடியாது. அப்படியானால் சிம்பிளைக் கொடுத்தது எதற்கு? புதிதாக ஆடுகிறவரைப் பாதி வழியில் நிறுத்தி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த விஷயத்தில் செலஸ்ட் (2018) எவ்வளவோ மேல். மலை ஏறுகிற ஒரு பெண்ணின் கதை. குதிக்கலாம், சுவரைப் பிடித்துத் தொங்கலாம், காற்றில் ஒரு முறை பாயலாம். அவ்வளவுதான் கைவசம். பாய்ச்சலைச் செலவழித்ததும் அவளுடைய சிவப்பு முடி நீலமாகும், தரையைத் தொட்டால் திரும்பச் சிவப்பாகும். கண்ணை எடுத்து வேறெங்கும் பார்க்க வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டிருக்கும் உருவமே தகவலைச் சொல்லிவிடுகிறது. செத்தால் அதே திரையின் தொடக்கத்தில் கண் இமைப்பதற்குள் நிற்பீர்கள். விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் ஒரு நொடியின் சிறு பங்கு நேரம் குதிக்க அனுமதிப்பார்கள். ஆடும்போது அது தெரியவே தெரியாது, "சரியாகத்தான் குதித்தேன்" என்று மட்டும் தோன்றும். கடினமான கேம் இவ்வளவு அன்பாகவும் இருக்க முடியும் என்று எனக்குக் காட்டியது இதுதான். அசிஸ்ட் மோட் என்று ஒன்று உண்டு. வேகத்தைக் குறைக்கலாம், பாய்ச்சலைக் கூட்டலாம், சாகாமலே கூட ஆடலாம். அதற்காக எந்தக் கதவையும் மூடுவதில்லை. வழியில் கிடைக்கும் ஸ்ட்ராபெர்ரிகளை விட்டுவிட்டுப் போனாலும் கதை நிற்காது. எனக்கு இருக்கும் ஒரே குறை நடுவில் வரும் ஹோட்டல் அத்தியாயம். அங்கும் இங்கும் அலைந்து அறை அறையாகச் சுத்தம் செய்யும் பகுதி மட்டும் இழுக்கிறது.

சரி, ஹாலோ நைட். 2017-இல் ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு செய்தது. நீங்கள் சொன்ன இரண்டு புகாரும் நியாயமானவை, விசிறிகள் யாராவது சண்டைக்கு வந்தாலும் நான் அதைத்தான் சொல்வேன். புதிய பகுதிக்குள் போனால் மேப் கிடையாது. அதை விற்பவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வழியில் சிதறிக் கிடக்கும் காகிதங்களும் அவர் முணுமுணுக்கும் பாட்டும்தான் அடையாளம். அந்தப் பாட்டு தூரத்தில் கேட்கும்போது வரும் நிம்மதிக்காகவே இந்த ஏற்பாட்டை நான் மன்னித்துவிட்டேன். ஆனால் மேப்பில் நான் எங்கே நிற்கிறேன் என்று காட்ட ஒரு தாயத்து போட வேண்டும், அதுவும் தாயத்துகளுக்கென்று இருக்கும் சில இடங்களில் ஒன்றை அடைத்துக்கொள்ளும். இதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. பாஸிடம் தோற்றால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சிலிருந்து (அங்கேதான் சேவ் ஆகும்) திரும்ப ஓட வேண்டும். சோல் மாஸ்டர் என்ற பாஸ் வரும் இடம் மாதிரியானவற்றில் சண்டையை விட ஓட்டம்தான் சோர்வைத் தருகிறது. அந்த ஓட்டத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை.

அப்படியிருந்தும் விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். மான்டிஸ் லார்ட்ஸ் சண்டை வரைக்குமாவது போங்கள். முதலில் ஒருவர் தனியாக வருவார், அப்புறம் மற்ற இருவரும் சேர்ந்து வருவார்கள். அவர்களிடம் இருக்கும் அடிகள் சிலதான், ஒவ்வொன்றுக்கும் முன்னால் தெளிவான ஓர் அசைவு உண்டு. அதனால் அடி வாங்கும் ஒவ்வொரு முறையும் எதைப் பார்க்கத் தவறினோம் என்று தெரியும். வென்றதும் மூவரும் உங்களுக்குத் தலை வணங்குவார்கள். எத்தனையோ கேம்களில் கிரீடமும் கோப்பையும் வாங்கியிருக்கிறேன், அந்த வணக்கத்துக்கு ஈடு எதுவும் கிடையாது.

சீட்டாட்ட வகையில் ஸ்லே தி ஸ்பயர். முழு வெளியீடு 2019. எதிரி அடுத்த சுற்றில் என்ன செய்யப் போகிறது, எத்தனை அடி விழும் என்று அதன் தலைக்கு மேலேயே எழுதியிருக்கும். உங்கள் கையில் ஐந்து சீட்டு, செலவழிக்க மூன்று எனர்ஜி. எதுவும் ஒளிவுமறைவு இல்லை. தோற்றால் பெரும்பாலும் காரணம் பல அறைகளுக்கு முன்னாலேயே இருக்கும், ஆசைப்பட்டுச் சேர்த்த ஒரு சீட்டாக. நல்ல சீட்டைக் கூட வேண்டாம் என்று ஒதுக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த கேமின் பாதி. நடுவில் சேவ் ஆகிவிடும் என்பதால் உங்கள் ஒரு மணி நேரத்துக்குப் பொருந்தும்.

பலாட்ரோ (2024) இதற்கு நேர் எதிர். போக்கர் கைகளை (ஜோடி மாதிரியான சீட்டுச் சேர்க்கைகளை) வைத்துப் புள்ளி சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் 300 கேட்கும், எட்டாவது ஆன்ட்டியின் (ஆட்டத்தின் எட்டாம் கட்டத்தின்) பாஸ் சுற்று குறைந்தபட்சம் 100,000 கேட்கும். ஆனால் சீட்டை இறக்குவதற்கு முன் மொத்தம் எவ்வளவு வரும் என்று சொல்லாது. ஜோக்கர்கள் (புள்ளியை ஏற்றும் சிறப்புச் சீட்டுகள்) இடமிருந்து வலமாக வேலை செய்யும், எனவே கூட்டுகிற ஜோக்கரை முன்னாலும் பெருக்குகிற ஜோக்கரைப் பின்னாலும் வைக்க வேண்டும். இதை நாமே மனக்கணக்குப் போட்டு, எண்கள் தீப்பிடித்து ஏறுவதைப் பார்க்கும் சுகமே தனி. அதற்காகத்தான் மறைத்திருக்கிறார்கள் என்பது புரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கையை முடக்கிவிடும் பாஸ் வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. முகச்சீட்டுகளை நம்பிக் கட்டியிருக்கும்போது அவற்றைச் செல்லாக்காசாக்கும் பாஸ் வந்தால் என்ன செய்வீர்கள்? முன்கூட்டியே பெயரைக் காட்டுகிறார்கள்தான், ஆனால் மாற்றிக்கொள்ளக் கடையில் எப்போதும் வழி கிடைப்பதில்லை. இன்னொன்று, இரவு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் இது அந்த எல்லையை மதிக்காது.

வேம்பயர் சர்வைவர்ஸ் எனக்கு ஒட்டவில்லை. ஆயுதம் தானாகவே சுடுகிறது, நாம் நடந்தால் போதும். பெட்டி திறக்கும்போது வரும் விளக்கும் இசையும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன, ஆனால் தோற்றபோது என்ன கற்றேன் என்று கேட்டால் பதில் இல்லை.

ஹேடிஸ் (2020) எல்லாருக்கும் தயங்காமல் சொல்லலாம். செத்தால் புறப்பட்ட வீட்டுக்கே திரும்புவீர்கள், அப்போதுதான் அங்கே அடுத்த உரையாடல் நடக்கும், அதனால் சாவு வலிக்காது. காட் மோட் போட்டால் வாங்கும் அடி 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம் குறைந்து 80 வரை போகும். நான்கு பகுதிகளும் எப்போதும் அதே வரிசையில் வருவது மட்டும் பிற்பாடு சலிப்புத் தட்டும்.

பதில் 2

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் தோல்வியை மட்டும் அளவுகோலாக எடுத்தால் சில நல்ல கேம்கள் விட்டுப்போகும். பண்ணை வைத்துப் பயிர் செய்யும் ஸ்டார்டியூ வேலி ஓர் உதாரணம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து படம், இசை, புரோகிராம் எல்லாவற்றையும் செய்து 2016-இல் வெளியிட்டார். அதில் தோல்வி என்று பெரிதாக எதுவும் இல்லை.

ஆனால் பதற்றம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். காலை 6 மணிக்கு எழுந்து நள்ளிரவு 2 மணிக்குள் படுக்க வேண்டும். கேமின் பத்து நிமிடம் நமக்குச் சுமார் ஏழு நொடிதான். ஒரு பருவம் 28 நாள், முடிந்ததும் அந்தப் பருவத்துப் பயிர் பட்டுப்போகும். இதைப் பார்த்துப் பலர் கணக்கு நோட்டு போட்டு ஆட ஆரம்பித்து, அப்புறம் "வேலை மாதிரி இருக்கிறது" என்று விடுகிறார்கள். மூன்றாம் வருடம், பண்ணையை விட்டுச்சென்ற தாத்தா ஆவியாக வந்து மதிப்பிடுவார் என்பதும் ஒரு பயம். அவரை ஒரு வைரம் வைத்துத் திரும்ப அழைக்கலாம், எந்த அவசரமும் இல்லை. மழை நாளில் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லாததால் நான் சும்மா ஊரைச் சுற்றுவேன், எனக்கு அந்த நாட்கள்தான் பிடிக்கும். மீன்பிடிப்புதான் எரிச்சல். பழகும் வரை பயிற்சித் தூண்டில் வாங்கிக்கொள்ளுங்கள், மீனைத் துரத்தி நகர்த்தும் பச்சைப் பட்டை பெரிதாகும்.

டிஸ்கோ எலிசியம் (2019) இன்னொன்று. அங்கே தோற்பதே ருசி. முக்கியமான முயற்சிகளைப் பகடை உருட்டிச் சோதிப்பார்கள். உருட்டும் முன் எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று காட்டும், வெள்ளைச் சோதனையில் தோற்றால் திறனைக் கூட்டிக்கொண்டு திரும்ப வரலாம், சிவப்பில் ஒரே வாய்ப்பு. தோற்ற காட்சிகளில் சில, வென்றதை விட நன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. படிக்க நிறைய இருக்கிறது, தூக்கக் கலக்கத்தில் தொடாதீர்கள்.

வேம்பயர் சர்வைவர்ஸைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து. மூளை ஓய்ந்துபோன நாளில் எதையும் கற்க வேண்டாம் என்பதே ஒரு வசதி. ஓர் ஆட்டம் வழக்கமாக முப்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. செலஸ்ட், ஸ்லே தி ஸ்பயர் இரண்டையும் குறித்துக்கொண்டேன். ஹாலோ நைட்டில் மான்டிஸ் வரைக்கும் போய்ப் பார்க்கிறேன். துப்பறிகிற மாதிரி, யாரையும் வெட்டாத கேம் ஏதாவது? அவுட்டர் வைல்ட்ஸ், ஓப்ரா டின் இரண்டையும் எல்லோரும் சேர்த்தே சொல்கிறார்கள். எதை முதலில்?

பதில் 1

ஓப்ரா டின்னை முதலில் ஆடுங்கள், காரணம் சொல்கிறேன்.

லூகாஸ் போப் 2018-இல் கொண்டுவந்தது. 1807-இல் ஆளில்லாமல் திரும்பி வரும் கப்பல். அதிலிருந்த 60 பேரும் யார், என்ன ஆனார்கள் என்று நீங்கள் புத்தகத்தில் நிரப்ப வேண்டும். சடலத்தின் அருகே கடிகாரத்தைத் திறந்தால் அந்தச் சாவின் கணம் உறைந்து நிற்கும், உள்ளே நடந்து பார்க்கலாம். சரியாக மூன்று பேரை எழுதினால்தான் "சரி" என்று உறுதி செய்யும். ஒருவருக்கே சரி, தவறு சொன்னால் ஒவ்வொரு பெயராகப் போட்டுப் பார்த்துவிடலாம். மூன்று என்பதால் ஊகம் செல்லாது, உண்மையிலேயே பார்க்க வேண்டும்: யார் யாரோடு நிற்கிறார், என்ன உடை, எந்த மொழி. ஒருவரை அடையாளம் கண்டுபிடிக்கும் அந்த நொடியில் யாரும் உங்களுக்குக் கை கொடுக்கவில்லை, முழுக்க உங்கள் கண்தான். குறைகள் இரண்டு. முதல் முறை ஒரு நினைவுக்குள் போனால் அது விடும் வரை வெளியே வர முடியாது. திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சடலம் கிடக்கும் இடத்துக்கே நடக்க வேண்டும், புத்தகத்திலிருந்து நேரே போக வழியில்லை. கடைசிப் பத்துப் பேரின்போது இந்த நடை கடுப்பேற்றும்.

விண்கலத்தில் கிரகம் கிரகமாகப் போய் ஆராயும் அவுட்டர் வைல்ட்ஸ் (2019) நான் ஆடியதிலேயே எனக்கு மிகப் பிரியமானது. 22 நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடக்கத்துக்கு வந்துவிடும். உங்களோடு மிஞ்சுவது தெரிந்துகொண்டது மட்டும்தான். புது ஆயுதம் இல்லை, லெவல் ஏறுவது இல்லை. முதல் நிமிடத்திலேயே முடிவுக்குப் போகும் சக்தி உங்களிடம் இருக்கும், எப்படி என்றுதான் தெரியாது. இதனால்தான் ஒரு முறைக்கு மேல் அதை ஆட முடியாது, எனக்கு அதில் வருத்தம்தான். நீங்கள் ஐகான் துரத்தி ஆடிப் பழகியவர் என்பதால் முதல் சில இரவுகள் "எனக்கு என்ன வேலை?" என்று தவிப்பீர்கள். ஓப்ரா டின் அந்தப் பழக்கத்தை மாற்றிவிடும், பிறகு இதற்கு வாருங்கள். விண்கலத்தின் பதிவேட்டை அடிக்கடி திறந்து பாருங்கள், எங்கே இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது என்று அதுவே சொல்லும். ஆட்டோபைலட் போடும்போது நடுவில் சூரியன் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆட்டோபைலட் சூரியனைச் சுற்றி விலகிப் போகாது.

இணையத்தில் இதைப் பற்றி எதையும் தேட வேண்டாம். ஒரு படம் கூட.

பதில் 3

ஹாலோ நைட்டின் அடுத்த பாகமான சில்க்சாங்கை யாரும் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் வந்தது. ஹாலோ நைட்டை முடிக்காமல் அங்கே போகாதீர்கள். ஓட்டமும் தாவலும் எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன, ஆனால் பல எதிரிகளின் ஓர் அடிக்கே இரண்டு உயிர் போகும். அந்த விஷயத்தில் முதல் பாகம் சாந்தமானது.

கேள்வி கேட்டவர்

சரி, ஓப்ரா டின்னில் தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று: கன்ட்ரோலர் வேண்டுமா, கீபோர்டே போதுமா?

பதில் 1

ஓப்ரா டின்னுக்குக் கீபோர்டும் மவுஸும் போதும். ஸ்லே தி ஸ்பயர், பலாட்ரோ இரண்டுக்கும் மவுஸே போதும், சொல்லப்போனால் அதுதான் வசதி. செலஸ்ட் கீபோர்டிலும் நன்றாகவே ஓடும், மூலைவாக்கில் பாயும் இடங்களை எண்ணித்தான் சிலர் அதை விரும்புகிறார்கள். அவுட்டர் வைல்ட்ஸுக்குக் கட்டாயம் கன்ட்ரோலர் எடுங்கள். விண்கலத்தை மெல்லத் தள்ளி இறக்கும்போது ஸ்டிக்கின் பாதி அழுத்தம் தேவைப்படும், கீபோர்டில் அது வராது.