ஏஞ்சல் வாலைக் கொத்தும் டைகர் பார்ப்: கூட்டத்தைப் பெருக்குவதா, தொட்டியைப் பிரிப்பதா?

தறிச்சத்தம், அம்மாபேட்டை:
வணக்கம். எங்கள் வீட்டு மீன் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். உள்ளே ஏஞ்சல் மூன்று, டைகர் பார்ப் ஐந்து, கௌராமி ஒரு ஜோடி. வாங்கும்போது கடையில் "எல்லாம் ஒண்ணா இருக்கும், ஒண்ணும் பண்ணாது" என்றார்கள். பத்தே நாளில் ஒரு ஏஞ்சலுக்கு அடியில் தொங்கும் நீள இழை இரண்டையும் காணோம். வாலில் பல் பட்ட மாதிரி அரைவட்டமாக வெட்டு. கௌராமிகள் பில்டருக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு சாப்பிடக்கூட வருவதில்லை. மகள் தொட்டி முன்னால் உட்கார்ந்து பார்ப்களைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். திரும்பக் கடைக்குப் போனால், "இன்னும் அஞ்சு பார்ப் போடுங்க, சரியாயிடும்" என்கிறார்கள். கடிக்கிறதுக்கு மருந்து இன்னும் ஐந்து கடிக்கிற மீனா? இது வைத்தியமா, வியாபாரமா?

செவ்வாய்ப்பேட்டை கெண்டை:
இரண்டும்தான் தம்பி. கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை, காரணத்தைச் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. டைகர் பார்ப் சுமத்ரா, போர்னியோ பக்கத்து ஓடைகளில் கூட்டமாகத் திரியும் மீன். யார் பெரியவன் என்று தங்களுக்குள் நாள் முழுக்கத் தள்ளுமுள்ளு. ஐந்தே ஐந்து இருந்தால் அந்த வழக்கு சீக்கிரம் முடிந்துவிடும், அப்புறம் சும்மா இருக்க முடியாமல் அடுத்தவனிடம் போகும். என் மூன்றடி தொட்டியில் பன்னிரண்டு பார்ப், நான்கு வருடமாக. கூடவே மாலி, ரோஸி பார்ப். ஒரு வால்கூடக் கிழிந்ததில்லை. மூக்கு சிவந்த ஆண்கள் ஒன்றையொன்று துரத்துவதைப் பார்த்தாலே பொழுது போகும்.

இன்னொன்று, "பல் பட்ட மாதிரி" என்றீர்கள். கெண்டை இனத்துக்கு வாயில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் இருக்கிறது. உதட்டால் கவ்வி இழுப்பதில்தான் துடுப்பு பிய்ந்து வருகிறது.

குகை டீச்சர்:
கெண்டை அண்ணா, உங்கள் தொட்டியில் ஏஞ்சல் இருக்கிறதா? இல்லையே. மாலிக்கும் ரோஸிக்கும் குட்டைத் துடுப்பு, வேகமும் உண்டு. அதை வைத்து ஏஞ்சலுக்குத் தீர்ப்பு எழுதலாமா? ஏஞ்சல் நின்று நிதானமாக நீந்தும், ரிப்பன் கட்டின மாதிரி துடுப்பு அசையும். பார்ப் கண்ணுக்கு அது புழு. நானும் உங்கள் பேச்சைப் போல ஒரு பேச்சைக் கேட்டுப் பத்து பார்ப் வைத்துப் பார்த்தவள்தான். எட்டு தங்களுக்குள் ஓடிப் பிடித்தன. மிச்சம் இரண்டு விடியும்போதே ஏஞ்சல் பின்னால் கிளம்பிவிடும்.

கணக்கையும் பாருங்கள். அவருடைய தொட்டி எழுபது லிட்டர். மணலும் கல்லும் போட்டு, மேலே ஓர் அங்குலம் விட்டால் ஐம்பத்தைந்து, அறுபதுதான் தேறும். அதில் இருக்கிற பத்து மீனே அதிகம். இன்னும் ஐந்து போட்டால், வால் கிழிவதற்கு முன்னால் மீன் கழிவில் வரும் அமோனியாவே மீனைக் கொன்றுவிடும்.

செவ்வாய்ப்பேட்டை கெண்டை:
இரண்டடி தொட்டி சின்னது என்பதை ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். அதனால்தான் நான் கேட்பது, ஏன் எல்லோரும் பார்ப்பையே வெளியே அனுப்புகிறீர்கள்? இந்தத் தொட்டிக்குச் சரியில்லாதது ஏஞ்சல். துடுப்போடு சேர்த்தால் நீளத்தைவிட உயரம் அதிகமாக வளரும், ஒன்றேகால் அடி உயரம் அதற்கு எந்த மூலைக்கு? அதோடு ஏஞ்சல் ஒன்றும் சாமியார் இல்லை. சிக்லிட் வகை. ஜோடி சேர்ந்துவிட்டால் பாதித் தொட்டிக்குப் பட்டா வாங்கின மாதிரி நடந்துகொள்ளும். வாயில் அடங்குகிற நியான் டெட்ராவை விழுங்கும். அழகாக இருப்பதால் யாரும் கேட்பதில்லை.

ஏற்காடு மிளகு:
என் அனுபவம் வேறு. இங்கே மலையில் ஹீட்டர் போடாமல்தான் வைத்திருக்கிறேன். டிசம்பர் காலையில் தொட்டித் தண்ணீர் 18 டிகிரி. ஏழு டைகர் பார்ப், இரண்டு ஏஞ்சல். சண்டையே கிடையாது. கீழே சேலத்து வெயிலில் தண்ணீர் சூடாகிறதால்தான் மீனுக்கும் சூடேறுகிறது. ஹீட்டரைக் கழற்றி, ஒரு ஃபேன் வையுங்கள்.

குகை டீச்சர்:
மிளகு சார், அது சமாதானம் இல்லை, விறைப்பு. மீனுக்கு உடம்புச் சூடு தண்ணீரோடு போகும். 18 டிகிரியில் பார்ப்புக்கு ஓடத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். ஏஞ்சலுக்கு 25, 26 வேண்டும். குளிரில் அது தீனி எடுக்காது, வெள்ளைப் புள்ளி நோய் வரும். பிப்ரவரிக்குப் பிறகு வெயில் ஏறும்போது உங்கள் ஏஞ்சல் வாலை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஏற்காடு மிளகு:
ஏப்ரலில் ஒன்றுக்கு வால் கொஞ்சம் கிழிந்திருந்தது. நோய் என்று நினைத்து மெத்திலீன் ப்ளூ ஊற்றினேன்.

குகை டீச்சர்:
😀 நோயா கடியா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன், தறிச்சத்தத்துக்கும் உதவும். கடிபட்ட துடுப்பில் வெட்டு சுத்தமாக, ஓர் இடத்தில் மட்டும் கடித்து எடுத்த பிஸ்கட் மாதிரி இருக்கும். துடுப்பு அழுகல் என்றால் ஓரம் முழுக்க வெள்ளையாக, நைந்த துணி மாதிரி, சில சமயம் அடியில் சிவந்திருக்கும். கடிக்கு மருந்தே வேண்டாம். கடிக்கிறவனைப் பிரித்து, தண்ணீரைச் சுத்தமாக வைத்தால் தானாக வளரும். கடிபட்ட இடத்தில் அழுகல் ஏறினால்தான் தொல்லை.

தண்ணீர் மாற்றும்போது மட்டும் கவனம். நம் ஊரில் பல இடத்தில் போர்த் தண்ணீர் கடினம், சொம்பில் வெள்ளை படிகிறதே அதுதான். குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து, ஏர் பம்ப் போட்டு, குளோரின் போன பிறகு கால் பங்கு மாற்றுங்கள்.

கன்னங்குறிச்சிக்காரன்:
எதுக்கு இவ்வளவு பேச்சு? ஐந்து பார்ப்பையும் வாளியில் போட்டு மூக்கனேரியில் விட்டுவிடுங்கள். அதுவும் பிழைக்கும், நீங்களும் பிழைப்பீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை கெண்டை:
தயவுசெய்து வேண்டாம். பாசி திங்கும் என்று வாங்கி, பெரிசானதும் ஏரியில் கொட்டினார்களே, அந்த டேங்க் கிளீனர் மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி வலையைக் கிழிக்கிறது. வெளிநாட்டு மீன் தொட்டியை விட்டு ஏரிக்குப் போகவே கூடாது. வேண்டாமென்றால் எனக்குக் கொடுங்கள், என் பன்னிரண்டோடு சேரட்டும்.

குகை டீச்சர்:
இந்த ஒன்றில் கெண்டை அண்ணாவோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பதிவில் குறித்துக்கொள்ளவும்.

தறிச்சத்தம், அம்மாபேட்டை:
நீங்கள் சொன்னதற்கப்புறம் நேற்று சாயந்திரம் தீனி போடும் முன் அரை மணி நேரம் நகராமல் பார்த்தேன். ஐந்தும் கடிக்கவில்லை! ஒன்றுதான். வயிற்றுக்குப் பக்கத்துக் கறுப்புப் பட்டை கொஞ்சம் உடைந்த மாதிரி இருக்கும் பார்ப். ஏஞ்சல் திரும்புகிற வரை காத்திருந்து, பின்னாலிருந்து வந்து ஒரே இழுப்பு. அதை மட்டும் எடுத்துவிட்டால் போதாதா?

செவ்வாய்ப்பேட்டை கெண்டை:
அவனை எடுத்தால் இரண்டாவது ஆள் அந்த நாற்காலியில் உட்காருவான். சிலர் வலைக்கூண்டுக்குள் போட்டு அதே தொட்டியில் ஒரு வாரம் தொங்கவிட்டு, கல்லையும் செடியையும் இடம் மாற்றி, அப்புறம் திறந்து விடுவார்கள். பழைய எல்லை அழிந்துபோவதால் திரும்பி வருகிறவன் கொஞ்ச நாள் அடங்குவான். கொஞ்ச நாள்தான்.

குகை டீச்சர்:
கௌராமியை மறந்துவிடாதீர்கள். அது மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு வாங்கும் மீன். மேலே வரும்போதெல்லாம் பார்ப் நின்றால் அதற்கு மூச்சு விடுவதே பயம். இன்றைக்கே ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரியுங்கள். பார்ப்பைப் பட்டப்பகலில் வலையோடு துரத்தினால் செடியெல்லாம் பிடுங்கி வரும், மீன் வராது. ராத்திரி விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, தண்ணீரை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, டார்ச்சும் இரண்டு வலையும் வைத்துப் பிடியுங்கள்.

தறிச்சத்தம், அம்மாபேட்டை:
மூன்று வாரம் ஆயிற்று, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பிடிக்க உட்கார்ந்தோம். பார்ப் இரண்டுதான் சிக்கியது, அதில் உடைந்த பட்டைக்காரன் இல்லை. தண்ணீர் குறைந்த தொட்டியில் ஏஞ்சலும் கௌராமியும் மட்டும் சும்மா நின்றன. சரி என்று அவற்றையே எடுத்துவிட்டோம். தங்கச்சி வீட்டு மூன்றடி தொட்டியில் ஆறு நியான் டெட்ரா மட்டும்தான் இருந்தது, அங்கே விட்டாயிற்று. பிடித்த இரண்டு பார்ப்பையும் இங்கேயே திரும்ப விட்டோம். ஐந்தும் தங்களுக்குள் துரத்திக்கொள்கின்றன, எனக்கு ஆட்சேபணை இல்லை. கௌராமி முதல் நாளே மேலே வந்து மூச்சு வாங்கியது. ஏஞ்சல் வாலில் வெட்டு இருந்த இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு ஓரம் வந்திருக்கிறது. நிறமே இல்லை, விளக்கு வெளிச்சம் பட்டால்தான் தெரிகிறது. மகள் தினமும் போன் போட்டு அத்தையிடம் "இன்னிக்கு எவ்வளவு வளர்ந்துச்சு" என்று கேட்கிறாள்.

செவ்வாய்ப்பேட்டை கெண்டை:
ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த ஏஞ்சல் இப்போது என்ன சைஸ்?

தறிச்சத்தம், அம்மாபேட்டை:
துடுப்பை விட்டு, உடம்பு மட்டும் இரண்டரை அங்குலம் இருக்கும் அண்ணா. ஏன்?

செவ்வாய்ப்பேட்டை கெண்டை:
தங்கச்சியை நியான்களை ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள்.

தறிச்சத்தம், அம்மாபேட்டை:
கேட்டேன். நாலு.