எட்டு துளை வாங்கி இரண்டில் வாசித்த கதை

வீட்டில் பாட்டுப் பதிவு செய்யும் மூன்று பேர், கருவி வாங்கிய கதையை ஆளுக்கொன்றாகச் சொல்கிறோம். ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கும்போது நான் பார்த்ததெல்லாம் எண்ணிக்கைதான். எட்டு மைக் உள்ளீடு, 192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது), முன்பக்கம் நிறைய விளக்குகள். இரண்டு உள்ளீடு உள்ள பெட்டியைப்போல மூன்று மடங்கு விலை. “நாளைக்கே டிரம்ஸ் பதிவு செய்ய வேண்டி வந்தால்?” என்று எனக்கு நானே வக்கீலாகி வாங்கிவிட்டேன். வீட்டில் டிரம்ஸ் கிடையாது. வாசிக்கத் தெரிந்த நண்பனும் கிடையாது. நான்கு வருடமாக மூன்றாவது துளையில் கேபிள் ஏறியதே இல்லை.

192-ஐ ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்தேன். கோப்பு 48-ல் எடுப்பதைவிட நான்கு மடங்கு பெருத்து, கணினிக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம். காதுக்கு எட்டுவது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரை. அதன் இரு மடங்குக்குச் சற்று மேலான 44.1 போதுமே.

அடி விழுந்தது வேறு இடத்தில். அறையின் எதிரொலி தாங்காமல் சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கை விட்டு, அவ்வளவு கூர்மையில்லாத டைனமிக் மைக்குக்கு மாறினேன். மெல்லப் பாடும் குரலுக்கு அது 60 டெசிபெல் கெயினாவது (ஒலியைப் பெருக்கும் அளவு) கேட்டது. என் பெட்டி தந்ததோ ஐம்பதும் சொச்சமும். குமிழைக் கடைசிவரை திருகினால் குரலுக்குப் பின்னால் ‘உஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல். எட்டு துளையிலும் அதே உஸ்ஸ்! கடைசியில் நடுவே சொருகும் பூஸ்டர் ஒன்றைத் தனியாக வாங்கித் தப்பித்தேன். அதிகபட்ச கெயின் எவ்வளவு என்பது அட்டைப்பெட்டியில் எங்கும் இல்லை, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

* * *

உங்களுக்கு எட்டு உள்ளீடு, எனக்குப் பதினாறு பேட் (விரலால் தட்டும் பொத்தான்). ஸ்லைடர், குமிழ், குட்டித் திரை எல்லாம் இருந்த மிடி கீபோர்டு, அதாவது எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்று கணினிக்குச் சொல்லும் கீபோர்டு. கட்டைகள் மட்டும் மோசம். மெல்லத் தொட்டால் சத்தமே வராது, கொஞ்சம் அழுத்தினால் நேரே உச்ச அளவான 127. வெலாசிட்டி கர்வை (எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு சத்தம் என்ற கணக்கை) மாற்றி மாற்றிப் பார்த்தும் நடுவில் எதுவும் சிக்கவில்லை. இப்போது வைத்திருப்பது 61 கட்டையும் இரண்டு சக்கரமும் மட்டும் உள்ள ஒன்று. தினமும் அதில்தான் உட்காருகிறேன்.

* * *

சரி, ஆனால் பயன்படாத துளையெல்லாம் வீண் என்று சொல்லிவிடாதீர்கள். நான் வாங்கியது இரண்டு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ்தான். பின்னால் ஏடாட் ஆப்டிகல் துளை (ஒரே ஒளியிழைக் கேபிளில் எட்டு தடம் வரை கொண்டுவருவது) இருந்ததால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன். இரண்டு வருடம் அதில் தூசிதான் படிந்தது. அப்புறம் நிஜமாகவே டிரம்ஸ் வந்தது. பழைய எட்டுத் தடப் ப்ரீஆம்ப் (மைக்கின் சன்னமான ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒன்றைப் பிடித்து ஒரே கேபிளில் மாட்டினேன். 48-ல் எட்டு தடமும் வரும், 96-க்குப் போனால் நான்குதான். முதல் நாள் பதிவு முழுக்க ‘டிக் டிக்’ என்று கேட்டது. இரண்டு பெட்டியும் ஒரே கிளாக்கில் (ஒலியை அளக்கும் தாளத்தில்) ஓட வேண்டும் என்பதை மறந்துவிட்டிருந்தேன்.

இதற்கு முன் இருந்த பெட்டியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தேன், அந்தப் பெட்டிக்கு டிரைவர் (அதைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) வெளியிடுவதை நிறுவனம் நிறுத்தியிருந்தது. விளக்கு எரியும், குமிழ் சுற்றும், கணினிக்கு மட்டும் அதை அடையாளம் தெரியாது. இப்போதெல்லாம் தனி டிரைவர் இல்லாமல் ஓடுமா என்றுதான் முதலில் கேட்கிறேன். அந்தப் பழைய பெட்டி இடது ஸ்பீக்கருக்கு அடியில் முட்டாக இருக்கிறது. உயரம் கச்சிதம்.